முப்பது மில்லிநொடியில் ஒரு படம்: காந்தக்கோளத்தின் விரைவான பிளாஸ்மா நிகழ்வுகளைச் செயற்கைக்கோள்கள் அளக்கும் விதம்

பூமியிலிருந்து சூரியனை நோக்கி ஏறத்தாழ 65,000 கிலோமீட்டர் சென்றால் ஓர் எல்லையைக் கடக்க நேரிடும். கண்ணுக்கு அங்கே எதுவும் தெரியாது. ஆனால் காந்தமானியும் துகள் எண்ணும் கருவியும் வைத்திருப்பவருக்கு, அந்த எல்லைக்கு இப்புறம் இருப்பது பூமியின் காந்தப்புலம் ஆளும் பகுதி என்றும், அப்புறம் இருப்பது சூரியனிலிருந்து வந்து குவியும் பிளாஸ்மா என்றும் தெளிவாகத் தெரியும். இப்புறம் உள்ள பகுதியைக் காந்தக்கோளம் என்கிறோம். எல்லையைக் காந்தக்கோள விளிம்பு என்று சொல்லலாம். சூரியனிலிருந்து இடைவிடாது வீசும் இந்தப் பிளாஸ்மா ஓட்டத்தைச் சூரியக் காற்று என்கிறோம். அதன் அழுத்தம் நொடிக்கு நொடி மாறுவதால் இந்த விளிம்பு ஓரிடத்தில் நிற்பதே இல்லை. நொடிக்குப் பல பத்துக் கிலோமீட்டர் வேகத்தில், சில வேளைகளில் நொடிக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில், முன்னும் பின்னும் அசைந்துகொண்டே இருக்கிறது.

அந்த விளிம்பில் நடக்கும் மிக முக்கியமான நிகழ்வின் மையப்பகுதி சில கிலோமீட்டர் தடிமனே கொண்டது. ஐந்து கிலோமீட்டர் தடிமன் என்றும், நொடிக்கு ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் நகர்கிறது என்றும் வைத்துக்கொண்டால், அது ஒரு செயற்கைக்கோளைக் கடந்து செல்ல எடுத்துக்கொள்ளும் நேரம் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு. நாம் இமைத்து விழிப்பதற்குள் முடிந்துவிடும் இந்த நிகழ்வை எப்படி அளப்பது? இக்கட்டுரை அந்த ஒரு கேள்வியைப் பற்றியது. அளக்கப்படும் பொருளைப் பற்றிச் சற்றுப் பேசிவிட்டு, அளக்கும் வழிக்கு வருவோம்.

பிளாஸ்மா என்பது அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிரிந்து, எதிர்மின்னூட்டம் கொண்ட எலக்ட்ரான்களும் நேர்மின்னூட்டம் கொண்ட அயனிகளும் தனித்தனியே திரியும் நிலை. சூரியக் காற்றில் அயனிகளில் பெரும்பான்மை புரோட்டான்களே. காந்தக்கோள விளிம்புக்கு வெளியே ஒரு கன சென்டிமீட்டரில் பத்து, இருபது துகள்கள்தான் இருக்கும். நாம் சுவாசிக்கும் காற்றில் அதே கன அளவில் கோடிக்கணக்கான கோடி மூலக்கூறுகள் உள்ளன. இந்த வேறுபாடு வெறும் அளவு வேறுபாடு அன்று. காற்றின் மூலக்கூறுகள் நொடிக்குப் பல நூறு கோடி முறை ஒன்றோடொன்று மோதிக்கொள்கின்றன. அந்த மோதல்களால் வேகங்கள் கலந்து, சமனாகி, ஓர் ஒழுங்கான பரவலை அடைந்துவிடுகின்றன. ஆகவேதான் ஓர் அறையின் காற்றைப் பற்றிச் சொல்ல வெப்பநிலை, அழுத்தம் என்று ஓரிரு எண்கள் போதுகின்றன. சூரியக் காற்றிலோ ஒரு துகள் மற்றொன்றோடு மோதுவதற்குமுன் சராசரியாகச் சூரியனுக்கும் பூமிக்கும் இடையிலான தூரத்தை ஒத்த தூரம் பயணம் செய்கிறது. கலந்து சமனாக வாய்ப்பே இல்லை. எந்தத் துகள் எங்கிருந்து வந்தது, வழியில் எந்த மின்புலம் அதைத் தள்ளியது என்பதெல்லாம் அதன் வேகத்திலும் திசையிலும் அழியாமல் பதிந்து நிற்கிறது.

ஆகவே விண்வெளியில் பிளாஸ்மாவின் வெப்பநிலை என்ன என்று கேட்டு ஓர் எண்ணைப் பெற்றுக்கொண்டு நிறைவடைய முடியாது. எந்தத் திசையிலிருந்து, எந்த ஆற்றலோடு, எத்தனை துகள்கள் வருகின்றன என்ற முழு அட்டவணையும் வேண்டும். இதை வேகப்பரவல் என்கிறோம். அடர்த்தி, ஓட்டத்தின் வேகம், அழுத்தம் ஆகிய அனைத்தையும் அந்த அட்டவணையிலிருந்து கூட்டியும் சராசரி எடுத்தும் பெற்றுவிடலாம். ஆனால் அடர்த்தியையும் வேகத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு அட்டவணையைத் திரும்பப் பெற முடியாது.

மேலே சொன்ன அந்த முக்கிய நிகழ்வின் பெயர் காந்த மறுஇணைப்பு. பொதுவாக, மோதலற்ற பிளாஸ்மாவும் காந்தப்புலமும் நூலில் கோத்த மணிகளைப்போலச் சேர்ந்தே நகரும். சூரியக் காற்று கொண்டுவரும் காந்தப்புலம் பூமியின் புலத்துக்கு எதிர்த்திசையில் அமைந்து, இரண்டும் விளிம்பில் நெருக்கப்படும்போது, மிகச் சிறிய ஓரிடத்தில் இந்தப் பிணைப்பு அறுந்துபோகிறது. அங்கே இரு புலங்களின் கோடுகளும் வெட்டுண்டு, ஒன்றின் முனை மற்றொன்றோடு ஒட்டிக்கொண்டதுபோலப் புதிய அமைப்பைப் பெறுகின்றன. காந்தப்புலத்தில் சேர்ந்திருந்த ஆற்றல் துகள்களின் வேகமாக மாறுகிறது. சூரியக் காற்றுக்குக் காந்தக்கோளத்தின் கதவு திறக்கிறது. இப்படித்தான் நடக்கவேண்டும் என்று பிரிட்டிஷ் இயற்பியலாளர் ஜேம்ஸ் டஞ்சி 1961-இல் முன்மொழிந்தார். துருவ ஒளிகளுக்கும் காந்தப் புயல்களுக்கும் தொடக்கம் இங்கேதான். 1989 மார்ச் மாதத்தில் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் மின்கட்டமைப்பு முழுவதும் சரிந்து, ஏறத்தாழ அறுபது லட்சம் மக்கள் பல மணி நேரம் மின்சாரமின்றி இருந்ததற்குக் காரணமான காந்தப் புயலுக்கும் ஆற்றல் இந்தக் கதவு வழியாகத்தான் வந்தது.

பிணைப்பு அறுபடும் இடம் எவ்வளவு சிறியது என்பதைக் கணக்கிட முடியும். ஒரு கன சென்டிமீட்டருக்குப் பத்துத் துகள்கள் என்ற அடர்த்தியில், அயனிகள் காந்தப்புலத்தை விட்டு விலகத் தொடங்கும் நீள அளவு ஏறத்தாழ 70 கிலோமீட்டர். எலக்ட்ரான்கள் மிக இலகுவானவை. அவை கடைசிவரை புலத்தைப் பற்றிக்கொண்டிருந்து, இரண்டு கிலோமீட்டருக்கும் குறைவான நீள அளவில்தான் விடுபடுகின்றன. கால அளவும் அப்படியே. திருநெல்வேலிப் பக்கம் நிலமட்டத்தில் பூமியின் காந்தப்புலம் ஏறத்தாழ 40,000 நானோடெஸ்லா (இது காந்தப்புலத்தின் வலிமையை அளக்கும் அலகு). விளிம்பருகே அது சில பத்து நானோடெஸ்லா மட்டுமே. மின்னூட்டம் கொண்ட துகள்கள் காந்தக்கோட்டைச் சுற்றிச் சுழல்பவை. இருபது நானோடெஸ்லா புலத்தில் ஒரு புரோட்டான் ஒரு சுற்றுச் சுற்ற மூன்று நொடிக்குச் சற்று மேலாகும். ஓர் எலக்ட்ரான் இரண்டு மில்லிநொடிக்குள் சுற்றிவிடும். மறுஇணைப்பின் மறைபொருள் முழுவதும் எலக்ட்ரான்களின் இந்தச் சிறிய உலகத்தில்தான் இருக்கிறது.

இனி அளக்கும் வழிக்கு வருவோம். பெரும்பாலான காந்தக்கோள ஆய்வுச் செயற்கைக்கோள்கள் பம்பரத்தைப்போலத் தம்மைத் தாமே சுற்றிக்கொண்டு பறக்கின்றன. சுற்றும் பொருள் தன் அச்சைச் சாய்க்காமல் நிலையாக நிற்கும் என்பது ஒரு காரணம். மற்றொரு காரணம் சிக்கனம்: கருவிக்கு ஒரே ஒரு குறுகிய சாளரம் வைத்தால் போதும், செயற்கைக்கோள் ஒருமுறை சுற்றி முடிக்கும்போது அந்தச் சாளரம் வானத்தின் எல்லாத் திசைகளையும் ஒரு தடவை பார்த்துவிடும். 2000-ஆம் ஆண்டில் ஐரோப்பிய விண்வெளி முகமை ஏவிய கிளஸ்டர் என்ற நான்கு செயற்கைக்கோள்கள் இந்த முறையில்தான் இயங்கின. அவை ஒருமுறை சுற்ற நான்கு நொடிகள் ஆகும். ஆகவே முழு வேகப்பரவல் ஒன்றைப் பெறவும் நான்கு நொடிகள் ஆகும். (முதல் நான்கு கிளஸ்டர் செயற்கைக்கோள்களும் 1996 ஜூன் 4 அன்று ஏரியன் 5 ராக்கெட்டின் முதல் பயணத்திலேயே, ஏவப்பட்டு ஒரு நிமிடம் ஆவதற்குள் வெடித்துச் சிதறின. அதே அணியினர் மனந்தளராமல் மீண்டும் கட்டி நான்கு ஆண்டுகளில் ஏவியதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மிகுந்த மரியாதை உண்டாகிறது.)

நான்கு நொடி என்பது குறைவான நேரமாகத் தோன்றலாம். ஆனால் நொடிக்கு ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் நகரும் விளிம்பு அந்த நேரத்தில் இருநூறு கிலோமீட்டரைக் கடந்துவிடுகிறது. நாம் தேடும் இடமோ ஐந்து கிலோமீட்டர். இங்கே தொடக்க நிலை வாசகர் ஒரு தவறான முடிவுக்கு எளிதாக வந்துவிடக்கூடும்: மெதுவான கருவி சற்று மங்கலான, ஆனால் அடிப்படையில் சரியான படத்தைத் தரும் என்று நினைத்துவிடலாம். உண்மை அப்படியன்று. மெதுவான கருவி பொய்யான படத்தைத் தருகிறது.

தேரோட்டத்தின்போது கைப்பேசியில் பனோரமா எடுத்துப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். கைப்பேசியை இடமிருந்து வலமாக மெதுவாகத் திருப்பும்போது, அது ஒவ்வொரு திசையையும் ஒவ்வொரு கணத்தில் பிடித்து, கடைசியில் எல்லாவற்றையும் ஒரே படமாக ஒட்டுகிறது. கோபுரமும் கடைகளும் சரியாக விழுகின்றன. ஆனால் நாம் திருப்பும் திசையிலேயே நகரும் தேர் நீண்டுபோய்த் தெரிகிறது. எதிரே நடந்து வந்தவர் பாதி உடம்போடு நிற்கிறார். கூடவே ஓடிய சிறுவன் இரண்டு இடங்களில் இருக்கிறான். ஒட்டுவேலை அழகாக இருப்பதால், தெருவை நேரில் காணாத ஒருவர் அந்தப் படத்தை நம்பிவிடவும் கூடும். சுற்றும் செயற்கைக்கோளின் நிலையும் இதுவே. கிழக்கிலிருந்து வரும் எலக்ட்ரான்களை விளிம்புக்கு வெளியே எண்ணிவிட்டு, இரண்டு நொடி கழித்து மேற்கிலிருந்து வருபவற்றை விளிம்புக்கு உள்ளே எண்ணி, இரண்டையும் ஒரே இடத்தின் வேகப்பரவல் என்று தாளில் எழுதினால், அப்படியொரு பிளாஸ்மா எங்குமே இருந்திருக்காது. அதிலிருந்து கணக்கிடும் ஓட்ட வேகமும் அழுத்தமும் எதையும் குறிக்காத எண்களாகிவிடும்.

இந்தக் கட்டிலிருந்து விடுபடும் நோக்கத்தோடு வடிவமைக்கப்பட்டதுதான் நாசாவின் காந்தக்கோளப் பல்லளவுத் திட்டம். அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளால் எம்.எம்.எஸ். என்று அழைக்கிறார்கள். அமெரிக்க நேரப்படி 2015 மார்ச் 12 இரவு, புளோரிடாவின் கேப் கனாவெரலிலிருந்து ஒரே அட்லஸ் 5 ராக்கெட்டில் நான்கு செயற்கைக்கோள்களும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு ஏவப்பட்டன. திட்டத்தின் முதன்மை ஆய்வாளர் சான் அந்தோனியோவில் உள்ள தென்மேற்கு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் பர்ச். எம்.எம்.எஸ். செயற்கைக்கோள்களும் சுற்றுகின்றன, ஆனால் மிக மெதுவாக, நிமிடத்துக்கு ஏறத்தாழ மூன்று முறை மட்டுமே. ஒரு சுற்றுக்கு இருபது நொடிகள் ஆகின்றன. அப்படியிருந்தும் எலக்ட்ரான்களின் முழு வேகப்பரவலை முப்பது மில்லிநொடிக்கு ஒருமுறையும், அயனிகளின் முழு வேகப்பரவலை நூற்றைம்பது மில்லிநொடிக்கு ஒருமுறையும் எடுக்கின்றன. சுழற்சியை நம்பி இராமல், செயற்கைக்கோளைச் சுற்றிலும் கண்களைப் பதித்துவிட்டதுதான் இதன் சூட்சுமம்.

இந்தப் பணியைச் செய்வது விரைவுப் பிளாஸ்மா ஆய்வுக் கருவித் தொகுதி. நாசாவின் காடர்ட் மையம் இதற்குத் தலைமை ஏற்றது. எலக்ட்ரான் கருவிகள் அங்கேயே உருவாயின, அயனிக் கருவிகள் ஜப்பானில் செய்யப்பட்டன. ஒவ்வொரு செயற்கைக்கோளிலும் எலக்ட்ரான்களுக்கு எட்டு, அயனிகளுக்கு எட்டு எனப் பதினாறு உணரித் தலைகள் உள்ளன. நான்கு செயற்கைக்கோள்களிலும் சேர்த்து அறுபத்து நான்கு. ஓர் உணரித் தலையைச் சற்று நெருங்கிப் பார்ப்போம்.

ஒன்றுக்குள் ஒன்றாக வைக்கப்பட்ட இரண்டு அரைக்கோள உலோகக் கிண்ணங்களைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இரண்டுக்கும் நடுவே மிகக் குறுகிய இடைவெளி. கிண்ணங்களுக்கு இடையே ஒரு மின்னழுத்தத்தைக் கொடுத்தால், இடைவெளிக்குள் நுழையும் எலக்ட்ரான் உள்கிண்ணத்தை நோக்கி வளைக்கப்படும். ஆற்றல் மிகுந்த எலக்ட்ரான் போதிய அளவு வளையாமல் வெளிக்கிண்ணத்தில் மோதி ஒழியும். ஆற்றல் குறைந்தது அளவுக்கு மீறி வளைந்து உள்கிண்ணத்தில் மோதி ஒழியும். கொடுத்த மின்னழுத்தத்துக்குச் சரியாகப் பொருந்தும் ஆற்றல் கொண்டது மட்டும் வளைவில் தடையின்றிச் சென்று மறுமுனையை அடையும். அங்கே நுண்துளைகள் நிறைந்த ஒரு தகடு காத்திருக்கிறது. ஒரு துளைக்குள் ஓர் எலக்ட்ரான் விழுந்தால், அது துளையின் சுவரில் மோதிச் சில எலக்ட்ரான்களை உதிர்க்கும்; அவை மீண்டும் மோதி மேலும் பலவற்றை உதிர்க்கும். தகட்டின் அடிப்பக்கத்தில் வெளிப்படும்போது அந்த ஒன்று பல லட்சமாகப் பெருகியிருக்கும். அந்தத் துடிப்பை மின்சுற்று ‘ஒன்று’ என்று எண்ணிக்கொள்ளும். மின்னழுத்தத்தைப் படிப்படியாக மாற்றினால் ஒவ்வொரு ஆற்றலிலும் எத்தனை எலக்ட்ரான்கள் என்ற பட்டியல் கிடைக்கிறது. துகள்களின் ஆற்றலை அளக்கும் மிகச் சிறிய அலகான எலக்ட்ரான்வோல்ட்டில் சொன்னால், 10 எலக்ட்ரான்வோல்ட் முதல் 30,000 எலக்ட்ரான்வோல்ட் வரை முப்பத்திரண்டு படிகளில் இந்தப் பட்டியல் எடுக்கப்படுகிறது. இதன் நடுவில் வரும் நூறு எலக்ட்ரான்வோல்ட் எலக்ட்ரான் ஒன்றின் வேகமே நொடிக்கு ஏறத்தாழ ஆறாயிரம் கிலோமீட்டர்.

திசையை அறிய இரண்டு வழிகள் இணைக்கப்பட்டுள்ளன. துகள் தகட்டின் எந்தப் பகுதியில் விழுகிறது என்பதைக் கொண்டு, செயற்கைக்கோளின் அச்சுக்கு எத்தனை பாகை சாய்வில் வந்தது என்பது தெரிகிறது. 180 பாகையும் பதினாறு பங்குகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. பக்கவாட்டுத் திசைக்காக, உணரித் தலையின் வாயிலில் உள்ள மின்தகடுகள் பார்வையை நான்கு நிலைகளுக்குத் திருப்புகின்றன. கண்ணைத் திருப்புவதற்கு எந்த இயந்திரமும் அசைவதில்லை. மின்னழுத்தம் மட்டுமே மாறுகிறது. ஒரு தலை நான்கு நிலைகளில் 45 பாகையைப் பார்த்துவிடுகிறது. எட்டுத் தலைகள் சேர்ந்தால் 360 பாகையும் நிறைந்துவிடுகிறது. முப்பது மில்லிநொடிக்குள் முப்பத்திரண்டு ஆற்றல் படிகளையும் நான்கு பார்வை நிலைகளையும், அதாவது 128 மின்னழுத்த அமைப்புகளையும், முடித்தாக வேண்டும். ஓர் அமைப்புக்குக் கிடைப்பது கால் மில்லிநொடிக்கும் குறைவான நேரம். அதற்குள் உயர் மின்னழுத்தம் தாவி, நடுக்கமின்றி நிலைகொண்டு, எண்ணிக்கையும் நடந்தாக வேண்டும். இந்தப் பொறியியலின் கடினத்தை நாம் குறைத்து மதிப்பிடக்கூடாது என்பது என் கருத்து. விண்வெளி இயற்பியலின் இந்த முன்னேற்றம் கோட்பாட்டாளர்களுக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறதோ, அதே அளவு உயர் மின்னழுத்தச் சுற்றுகளை வடிவமைத்தவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறது.

ஒரு படத்தில் 32 பக்கத் திசைகள், 16 சாய்வுகள், 32 ஆற்றல்கள். பெருக்கினால் 16,384 கட்டங்கள். இப்படி நொடிக்கு முப்பத்து மூன்று எலக்ட்ரான் படங்கள். செயற்கைக்கோள் தன்னைத் தானே ஒருமுறை சுற்றி முடிப்பதற்குள் அறுநூறுக்கும் மேற்பட்ட படங்கள் எடுக்கப்பட்டுவிடுகின்றன.

கருவி விரைவாக இருந்தால் மட்டும் போதாது. தன் இருப்பால் அது அளவீட்டைக் கெடுக்காமலும் இருக்கவேண்டும். சூரிய ஒளி உலோகத்தில் படும்போது எலக்ட்ரான்களை வெளியேற்றுகிறது. அதனால் செயற்கைக்கோள் முழுவதும் நேர்மின்னூட்டம் பெற்று, சுற்றியுள்ள எலக்ட்ரான்களைத் தன்பால் இழுக்கிறது. வரும் எலக்ட்ரான் ஒவ்வொன்றும் தன் உண்மையான ஆற்றலைவிடக் கூடுதல் ஆற்றலோடு கருவிக்குள் நுழைகிறது. செயற்கைக்கோளிலிருந்தே கிளம்பிய எலக்ட்ரான்களும் திரும்ப வந்து எண்ணிக்கையில் கலந்துவிடுகின்றன. ஆற்றல் குறைந்த எலக்ட்ரான்களைப் பொறுத்தவரை இது பெரிய பிழை. இதற்கு மாற்றாக, ஆஸ்திரியாவில் உருவாக்கப்பட்ட ஒரு சிறு கருவி இண்டியம் என்ற உலோகத்தின் நேர்மின் அயனிகளைத் தொடர்ந்து வெளியே உமிழ்கிறது. மிகுதியான நேர்மின்னூட்டம் இவ்வாறு வெளியேறுவதால் செயற்கைக்கோளின் மின்னழுத்தம் சில வோல்ட் அளவிலேயே கட்டுப்படுத்தப்படுகிறது. மின்புலத்தை அளக்கும் உணரிகளோ, செயற்கைக்கோளின் உடலிலிருந்து அறுபது மீட்டர் நீளக் கம்பிகளின் நுனியில் தள்ளி வைக்கப்பட்டுள்ளன. மூன்றரை மீட்டர் அகலமே உள்ள ஒரு பெட்டி, இப்படி நூற்றிருபது மீட்டர் அகலத்துக்குக் கைகளை விரித்துச் சுற்றுகிறது.

ஒரே செயற்கைக்கோள் எவ்வளவு விரைவாக அளந்தாலும் ஒரு கேள்விக்கு அதனால் விடை சொல்ல முடியாது. காந்தப்புலம் திடீரென்று குறைந்தது என்று அது சொன்னால், அந்த இடத்தில் புலம் உண்மையிலேயே குறைந்ததா, அல்லது குறைந்த புலம் கொண்ட ஒரு பகுதி நகர்ந்து வந்து செயற்கைக்கோளைக் கடந்ததா? காலத்தில் நேர்ந்த மாற்றமும் இடத்தில் உள்ள வேறுபாடும் ஒரே கோட்டில் கலந்து வருகின்றன. இதைப் பிரிப்பதற்காகத்தான் நான்கு செயற்கைக்கோள்கள், முக்கோணத் தளங்கள் நான்கு சேர்ந்த நான்முகி வடிவில் பறக்கவிடப்பட்டுள்ளன. நகரும் ஓர் எல்லை நான்கையும் நான்கு வெவ்வேறு கணங்களில் தொடும். முதல் செயற்கைக்கோளைத் தொட்ட கணத்தை அடிப்படையாகக் கொண்டால் மூன்று கால வேறுபாடுகள் கிடைக்கின்றன. எல்லை எந்தத் திசையில், எந்த வேகத்தில் நகர்கிறது என்பதைச் சொல்லத் தேவையான அறியாத எண்களும் மூன்றே. ஆகவே விடை கிடைத்துவிடுகிறது. மூன்று செயற்கைக்கோள்கள் மட்டும் இருந்தாலோ, நான்கும் ஒரே தளத்தில் பறந்தாலோ இந்தக் கணக்கு நிற்காது.

நான்முகியின் பக்க நீளம் அளக்க விரும்பும் பொருளின் அளவை ஒத்திருக்கவேண்டும். எம்.எம்.எஸ். செயற்கைக்கோள்கள் 2015 இலையுதிர்காலத்தில் பத்துக் கிலோமீட்டர் இடைவெளிக்கும், 2016-இல் ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர் இடைவெளிக்கும் நெருக்கிக் கொண்டுவரப்பட்டன. இதற்கு ஒவ்வொன்றின் இருப்பிடமும் துல்லியமாகத் தெரியவேண்டும். அவை இதற்காக ஜி.பி.எஸ். பயன்படுத்துகின்றன என்பது பலருக்கும் வியப்பாக இருக்கும். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில், பூமியை நோக்கித் தம் அலைவாங்கிகளைத் திருப்பிவைத்துப் பறக்கின்றன, எம்.எம்.எஸ். அவற்றுக்கு மிக மேலே இருக்கிறது. பூமியின் மறுபக்கத்தில் உள்ள ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களிலிருந்து, பூமியின் ஓரத்தைத் தாண்டிச் சிந்திவரும் மெல்லிய அலைகளைத்தான் அது பிடித்துக்கொள்கிறது.

இவ்வளவு விரைவாக அளப்பதால் ஒரு புதிய இடர் எழுகிறது. எலக்ட்ரான் கட்டங்கள் மட்டும் ஒரு செயற்கைக்கோளில் நொடிக்கு ஐந்து லட்சத்துக்கும் மேல். இவை அனைத்தையும் பூமிக்கு அனுப்பும் அளவுக்கு ரேடியோ இணைப்பு அகலமானதன்று. எடுத்தவற்றில் நூற்றுக்குச் சில பங்கு மட்டுமே கீழே வரமுடியும். ஆகவே முழு விரைவுத் தரவுகள் செயற்கைக்கோளின் நினைவகத்தில் காத்திருக்க, குறைந்த விரைவில் எடுக்கப்பட்ட ஒரு முன்னோட்டம் முதலில் கொலராடோ மாகாணத்தின் போல்டரில் உள்ள அறிவியல் செயல்பாட்டு மையத்துக்கு வருகிறது. முறைவைத்துப் பணியில் இருக்கும் ஓர் ஆய்வாளர் அந்தக் கோடுகளைப் பார்வையிட்டு, காந்தப்புலத்தின் திசை எங்கே புரண்டது, அடர்த்தி எங்கே தாவியது, அயனிகள் எங்கே திடீரென்று பாய்ந்தன என்று தேடி, எந்த நிமிடங்களின் முழுத் தரவு வேண்டும் என்பதைக் குறித்து அனுப்புகிறார். தேர்ந்தெடுக்கப்படாதவை, பின்னர் வருபவற்றுக்கு இடம்விட்டு அழிக்கப்படுகின்றன. கணினி நிரல்கள் இந்தத் தேர்வுக்கு உதவுகின்றன என்றாலும், பழகிய கண்ணுக்கு இங்கே பெருமதிப்பு உண்டு.

இத்தனை ஏற்பாடுகளும் பலன் தந்த நாள் 2015 அக்டோபர் 16. உலகப் பொதுநேரம் 13 மணி 7 நிமிடத்தில், நான்கு செயற்கைக்கோள்களும் பகல்பக்க விளிம்பில் மறுஇணைப்பின் எலக்ட்ரான் மையத்தின் ஊடாகவே கடந்து சென்றன. அந்தக் கணத்தின் வேகப்பரவலை வரைந்து பார்த்தபோது, எலக்ட்ரான்கள் பிறைநிலா வடிவில் குவிந்திருந்தன. இப்படியொரு பிறை தோன்றவேண்டும் என்று கணினி உருவகங்கள் முன்னரே சொல்லியிருந்தன. விண்வெளியில் இவ்வளவு தெளிவாகக் கண்டது இதுவே முதன்முறை. வெளியிலிருந்து வரும் எலக்ட்ரான், புலம் ஏறத்தாழ இல்லாமற்போகும் நடுப்பகுதியில் முழுவட்டம் சுற்ற முடியாமல், இருபுறமும் மாறிமாறி வளைந்து அலைகிறது. அங்குள்ள மின்புலம் அதைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. அவ்வாறு ஆற்றல் பெற்றவை மட்டும் ஒரு குறிப்பிட்ட திசையில் திரள்வதால் பிறை உண்டாகிறது. சற்றுத் தள்ளி அந்தப் பிறை காந்தப்புலத்துக்குச் செங்குத்தான நிலையிலிருந்து புலத்தின் வழியே திரும்பியிருந்தது. புதிதாகத் திறந்த காந்தக்கோடுகளின் வழியே எலக்ட்ரான்கள் வெளியேறுகின்றன என்பதற்கு அது அடையாளம். நான்கு நொடிக்கு ஒரு படம் எடுக்கும் கருவிக்கு இந்தப் பிறை ஒருபோதும் தென்பட்டிருக்காது.

இங்கே கூர்ந்து படிப்பவருக்கு ஓர் ஐயம் எழலாம். எலக்ட்ரான் இரண்டு மில்லிநொடிக்குள் ஒரு சுற்றை முடித்துவிடும் என்றால், முப்பது மில்லிநொடியில் பதினைந்து சுற்றுக்கு மேல் ஆகிவிடுமே, பிறை கலைந்து முழுவட்டமாகிவிடாதா? ஆற்றின் நடுவே உள்ள பாறையைச் சுற்றி நீர் ஓடும்போது, ஒவ்வொரு துளியும் கணப்பொழுதில் கடந்துவிடுகிறது. ஆனால் பாறையருகே நீர் வளையும் வடிவம் அப்படியே நிற்கிறது. பிறையும் அத்தகையது. ஒரே எலக்ட்ரான்கள் அங்கே தங்கிச் சுற்றுவதில்லை. புதியவை அதே வழியில் வந்து அதே திசையில் கடந்துகொண்டிருப்பதால் வடிவம் நிலைக்கிறது. செயற்கைக்கோள் அந்த இடத்தில் இருக்கும்வரை பிறையைக் காணலாம். அந்த இருப்பே நொடியில் பத்தில் ஒரு பங்கு என்பதால்தான் முப்பது மில்லிநொடி தேவைப்பட்டது.

இந்த அளவீடுகளை எவ்வளவு நம்பலாம் என்பதைச் சோதிக்க ஓர் அழகான வழி உண்டு. அயனிகளின் ஓட்ட வேகத்துக்கும் எலக்ட்ரான்களின் ஓட்ட வேகத்துக்கும் உள்ள வேறுபாட்டை அடர்த்தியாலும் மின்னூட்டத்தாலும் பெருக்கினால் மின்னோட்டம் கிடைக்கும். இதற்கு ஒரே செயற்கைக்கோளின் துகள் எண்ணிக்கை போதும். அதே மின்னோட்டத்தை, துகள்களைப் பாராமலே, நான்கு செயற்கைக்கோள்களின் காந்தப்புலம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எப்படி வேறுபடுகிறது என்பதிலிருந்தும் கணக்கிடலாம். முற்றிலும் வேறான இரண்டு கருவிகள், வேறான இரண்டு வழிகள். இரண்டிலிருந்தும் வந்த விடைகள் நன்கு ஒத்துப்போயின.

முப்பது மில்லிநொடியும் கடைசி எல்லையாக நிற்கவில்லை. பார்வை நான்கு நிலைகளுக்குத் திரும்புகிறது என்று மேலே சொன்னோம். அந்த நான்கையும் சேர்க்காமல் தனித்தனியே எடுத்துக்கொண்டால், ஏழரை மில்லிநொடிக்கு ஒரு படம் கிடைக்கும். ஒவ்வொன்றும் எல்லாத் திசைகளையும் காட்டாது, இடையிடையே இடைவெளி இருக்கும். இருந்தாலும் அந்த இடைவெளிகளைக் கணக்கிட்டு நிரப்ப முடியும் என்று 2018-இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். விண்ணில் இருக்கும் கருவியில் ஒரு திருகாணியையும் தொடாமல், ஏற்கெனவே வந்து சேர்ந்த தரவுகளிலிருந்தே நான்கு மடங்கு விரைவைப் பெற்றார்கள்.

ஆனால் விரைவுக்கு ஒரு விலை உண்டு. எண்ணும் நேரம் குறையும்போது எண்ணிக்கையும் குறைகிறது. ஒரு கட்டத்தில் நூறு துகள்கள் விழுந்தால், தற்செயலால் அது பத்துக் கூடவோ குறையவோ இருக்கலாம். பிழை பத்து விழுக்காடு. நான்கே துகள்கள் விழுந்தால் இரண்டு கூடவோ குறையவோ இருக்கலாம். பிழை ஐம்பது விழுக்காடு. பகல்பக்க விளிம்பில் அடர்த்தி போதுமானதாக இருந்தது. 2017-இல் எம்.எம்.எஸ். சுற்றுப்பாதை நீட்டப்பட்டு, பூமியின் ஆரத்தைப்போல 25 மடங்குத் தொலைவு வரை, காந்தக்கோளத்தின் இரவுப்பக்க வாலுக்குள் சென்றது. அந்த ஆண்டு ஜூலை 11 அன்று அங்கும் ஒரு மறுஇணைப்பு மையம் அகப்பட்டது. ஆனால் வாலில் அடர்த்தி நூறு மடங்கு வரை குறைவு. பெரும்பாலான கட்டங்கள் வெறுமையாகவே இருக்கும். அங்கே ஆய்வாளர்கள் பல படங்களைக் கூட்டிச் சராசரி எடுத்தே பேச வேண்டியிருக்கிறது. எங்கே விரைவை விட்டுக்கொடுப்பது, எங்கே துல்லியத்தை விட்டுக்கொடுப்பது என்பது ஒவ்வொரு நிகழ்வுக்கும் தனித்தனியாகத் தீர்மானிக்க வேண்டிய ஒன்று.

இன்னொரு குறையும் எஞ்சியிருக்கிறது. ஏழு கிலோமீட்டர் பக்கமுள்ள நான்முகி எலக்ட்ரான்களின் உலகத்தைக் காட்டும். அதே கணத்தில் எழுபது கிலோமீட்டர் அளவில் அயனிகள் என்ன செய்துகொண்டிருந்தன என்பதை அதனால் காட்ட முடியாது. செயற்கைக்கோள்களைத் தள்ளி நிறுத்தினால் அயனிகள் தெரியும், எலக்ட்ரான்கள் தவறிப்போகும். ஆகவே அடுத்த படியாக, ஒரு தாய்க்கலமும் ஆறு சிறு கலங்களும் கொண்ட பிளாஸ்மா அப்சர்வேட்டரி என்ற திட்டம் ஐரோப்பிய விண்வெளி முகமையிடம் முன்மொழியப்பட்டுள்ளது. எலக்ட்ரான் அளவை விட்டுவிட்டு, அயனி அளவையும் அதைவிடப் பெரிய ஓட்டங்களின் அளவையும் ஒரே நேரத்தில் பிடிப்பது அதன் நோக்கம். பெரிய நான்முகி ஒன்று, அதற்குள் சிறிய நான்முகி ஒன்று என இரண்டு அமைப்புகள். இரண்டுக்கும் ஒரு மூலை பொது. எட்டு இடங்களில் ஏழு கலங்கள் போதுமானது அதனால்தான்.